சாய்வு மிதிவண்டி: விதிப்புத்தகத்துக்கு வெளியே ஒரு வரலாறு

1933-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, பாரிஸின் சைக்கிள் பந்தய வளையம் ஒன்றில் ஃபிரான்ஸிஸ் ஃபோர் என்ற வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முன்பிருந்த சாதனை, ஸ்விட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914-இல் நிகழ்த்திய 44.247 கிலோமீட்டர். ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் எவராலும் அசைக்க முடியாமல் நின்ற எண் அது. அதை அசைத்த ஃபோரோ முதல் வரிசை வீரர் அல்லர். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் பெயர் பெற்றிருந்த பெனுவா ஃபோரின் தம்பி என்பதே அவருக்கிருந்த பெரிய அறிமுகம்.

அவர் ஓட்டிய வண்டிதான் விசேஷம். சிறிய சக்கரங்கள் இரண்டுக்கு நடுவே, தரையை நெருங்கித் தாழ்ந்த இருக்கை. அதில் சாய்வு நாற்காலியில் கிடப்பவரைப் போல முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, அவர் மிதித்துக்கொண்டு போனார். தூங்கப் போகிறாயா என்று சக வீரர்கள் கேலி செய்ததாகச் சொல்வார்கள். கேலி நெடுநேரம் நீடித்திருக்க முடியாது. அவர்களைவிட அவர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டே, அந்த வண்டி பந்தய மிதிவண்டி ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பின் முன்கதையும் பின்கதையும்தான் இக்கட்டுரையின் பொருள். இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பிறக்கிறது என்பது நம் மரபில் மிகப் பழைய எண்ணம். ஆனால், எழுதப்பட்ட இலக்கணம் தனக்குப் பின் வரும் இலக்கியத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும் தருணங்களும் உண்டு. மிதிவண்டியின் வரலாற்றில் 1934 அப்படி ஒரு தருணம்.

ஒரு மணி நேரத்தின் மதிப்பு

சைக்கிள் பந்தயங்களில் ஒரு மணி நேரச் சாதனைக்குத் தனி இடம் உண்டு. துணை வருவோர் இல்லை. காற்றை மறைத்து முன்னே செல்லும் வண்டி இல்லை. மலை ஏற்றமும் இல்லை. ஒரு மனிதன், ஒரு வளையம், அறுபது நிமிடங்கள். 1893-இல் பாரிஸின் பஃபலோ வளையத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி இதைத் தொடங்கிவைத்தவர் ஆன்ரி தெக்ராஞ்ஜ். பத்தாண்டுகளுக்குப் பின், 1903-இல், பத்திரிகை ஆசிரியராக இருந்து டூர் தெ பிரான்ஸை ஆரம்பித்தவரும் அவரே. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தச் சாதனை எக்குக்கும் பிரான்ஸின் மார்ஸெல் பெர்தேக்கும் இடையே மாறி மாறிக் கைமாறியது. 1914-இல் எக் கடைசியாக எழுதிய எண்ணோடு போர் தொடங்கிவிட்டது.

காற்றை ஏமாற்றும் முயற்சிகளும் அக்காலத்தில்தான் தொடங்கின. எத்தியேன் புனோ-வாரிய்யா என்பவர் மிதிவண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து மூடும் மீன் வடிவ மேலுறை ஒன்றை வடிவமைத்தார். பெர்தேயும் அத்தகைய வண்டியை ஓட்டிப் பார்த்தார். 1900-இல் பாரிஸில் நிறுவப்பட்டிருந்த சர்வதேச சைக்கிள் சங்கம் - ஃபிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு யு.சி.ஐ. என்று அழைக்கப்படுவது - 1914-இல் காற்றின் தடையைக் குறைப்பதற்கான துணைக்கருவிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. மேலுறை கூடாது, மறைப்புப் பலகை கூடாது. வண்டியில் எதையும் சேர்க்கக் கூடாது என்பதே அந்த விதியின் சாரம்.

மனித உடலை எப்படிக் கிடத்த வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கேள்வி எழும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

மொஷேயின் பட்டறை

ஷார்ல் மொஷே, பாரிஸை ஒட்டிய ப்யுத்தோவில் சிறிய கார்கள் செய்து வந்தவர். தம் மகன் ஜோர்ஜுக்காக மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றை அவர் செய்து கொடுத்தார். இருசக்கர மிதிவண்டி ஆபத்தானது என்று பையனின் தாய் அஞ்சியதே அதற்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பையனின் வண்டி மற்றச் சைக்கிள்களை எளிதாக முந்தியதாம். அதைப் பார்த்துப் பெரியவர்களும் கேட்கத் தொடங்க, இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் 'வெலோகார்' பிறந்தது. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது ஒரு பெட்ரோல் இல்லாத கார்.

வெலோகார் சமதரையில் வேகமாகப் போயிற்று. ஆனால் வளைவுகளில் வேகத்தோடு திரும்பினால் கவிழ்ந்துவிடும் அபாயம் இருந்தது. மொஷே கண்ட தீர்வு எளிமையானது. நான்கு சக்கர வண்டியை நெடுக்காக இரண்டாக வகிர்ந்தால் இருசக்கர வண்டி கிடைக்கும். இருசக்கர வண்டி வளைவில் தானே சாய்ந்து கொடுக்கும். 1932-இல் உருவான அந்த வண்டியில் சக்கரங்கள் சுமார் 50 சென்டிமீட்டர் விட்டமே கொண்டவை. இருக்கை தாழ்வாக, முதுகுக்குச் சாய்மானத்தோடு இருந்தது. மிதிகள் சுழலும் அச்சு, இருக்கைக்கும் சற்று மேலான உயரத்தில் முன்னே இருந்தது. கைப்பிடி ஓட்டுபவருக்கு எட்டும் தூரத்துக்குப் பின்னே இழுக்கப்பட்டு, ஒரு நீண்ட குழாய் வழியாகவும் கூம்புப் பல்சக்கரங்கள் வழியாகவும் முன்சக்கரத்தைத் திருப்பியது.

மொஷே எச்சரிக்கையான மனிதர். சாதனை முயற்சிக்கு முன்பே, 1932 அக்டோபரில், தம் வண்டி விதிகளுக்கு உட்பட்டதுதானா என்று சைக்கிள் சங்கத்திடம் கேட்டுவைத்தார். துணைக்கருவி எதுவும் சேர்க்கப்படாததால் தடையில்லை என்ற பதில் கிடைத்தது. அவர் வண்டியில் ஒன்றையும் கூட்டவில்லை. ஓட்டுபவரின் உடலைச் சாய்த்தார், அவ்வளவே.

இந்த யோசனையும் முற்றிலும் புதியதாக இருக்கவில்லை. 1890-களிலேயே ஜெனீவாவில் சலாண்ட் என்பவர் பின்சக்கரத்துக்கு மேல் சாய்ந்து அமரும் மிதிவண்டி ஒன்றைச் செய்திருந்தார். 1921-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஸெப்பலின் ஆகாயக் கப்பல்களின் வடிவமைப்பில் பங்கு பெற்ற பொறியாளர் பால் யாராய் வடிவமைத்த சாய்வு மிதிவண்டி விற்பனைக்கே வந்தது. அதில் மிதிகள் வட்டமாகச் சுழலாமல், நெம்புகோல்கள் போல முன்னும் பின்னும் ஆடின. இவையெல்லாம் வசதியை நோக்கிய முயற்சிகள். உலகின் முதன்மையான சாதனை ஒன்றைச் சாய்வு மிதிவண்டியால் எட்ட முடியும் என்று நிரூபித்தது மொஷேயின் வண்டிதான்.

காற்று என்னும் சுவர்

சமதளத்தில் வேகமாகச் செல்லும் சைக்கிள்காரரின் உழைப்பு எங்கே போகிறது? சக்கரங்கள் உருள்வதிலும் சங்கிலியிலும் சிறிது போகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் வலுவோ எட்டு மடங்காகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டவே காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகத் தர வேண்டியிருக்கிறது. எக் எழுதிய எண்ணைத் தாண்ட இத்தனை ஆண்டுகள் ஆனதில் வியப்பில்லை. மனிதத் தசை அவ்வளவு எளிதில் கூடுதலாகத் தந்துவிடாது.

எனவே காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைப்பதே வழி. நிமிர்ந்த மிதிவண்டியில் ஓட்டுபவர் எவ்வளவு குனிந்தாலும் தொங்கும் கால்களும் தோள்களும் தலையும் காற்றில் தனித்தனியாக மோதுகின்றன. சாய்வு மிதிவண்டியில் கால்கள் முன்னே செல்ல, உடலின் மற்றப் பகுதி அவற்றின் நிழலில் பின்தொடர்கிறது. முன்னாலிருந்து பார்ப்பவருக்குப் பாதங்களும் அவற்றுக்குப் பின்னே ஒரு தலையும் மட்டுமே தெரியும். இருக்கை தாழத் தாழ, முதுகு சாயச் சாய, இந்தப் பரப்பு இன்னும் சுருங்குகிறது. பிற்காலத்தில் தரைக்குச் சாணளவு மேலே இருக்கை அமைத்த பந்தய வண்டிகள் வந்தது இதனால்தான்.

இன்னொரு நன்மை வேகத்தோடு தொடர்பற்றது. நிமிர்ந்த மிதிவண்டி உடலின் எடையைக் குறுகிய இருக்கையிலும் மணிக்கட்டுகளிலும் இறக்குகிறது. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்கிறது. சாய்வு வண்டியில் எடை முதுகிலும் இடுப்பிலும் பரவுகிறது. கைகளுக்குச் சுமை இல்லை. பல மணி நேரம் ஓட்டிய பின் இந்த வேறுபாடு தெரியும்.

1934-இன் வரையறை

ஃபோரின் சாதனைக்கு அடுத்த மாதமே, 1933 ஆகஸ்டில், வழக்கமான மிதிவண்டியில் இருவர் அடுத்தடுத்து எக்கின் எண்ணைத் தாண்டினார்கள். முதலில் நெதர்லாந்தின் யான் வான் ஹவுட், 44.588 கிலோமீட்டர். சில நாட்களில் பிரான்ஸின் மோரிஸ் ரிஷார், 44.777. உலக சாதனை யாருடையது? ரிஷாருடையதா, அவரைவிட 278 மீட்டர் அதிகம் ஓட்டிய ஃபோருடையதா? சங்கம் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது.

1934 பிப்ரவரியில் சங்கத்தின் கூட்டத்தில் இது விவாதிக்கப்பட்டது. ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இதுவே வருங்கால மிதிவண்டி என்றவர்கள் இருந்தார்கள். இது மிதிவண்டியே இல்லை என்றவர்களும் இருந்தார்கள். பின்னவர்கள் வென்றார்கள். மிதிவண்டி என்பது என்ன என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதப்பட்டது. மிதியச்சு தரையிலிருந்து 24 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கையின் நுனி, மிதியச்சுக்கு நேர் மேலான கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு மேல் பின்னே போகக் கூடாது. மிதியச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடைவெளி 58 முதல் 75 சென்டிமீட்டர்.

இந்த எண்களை எழுதியவர்களுக்கு முன்னால் இருந்தவை அன்றைய கடைகளில் விற்ற மிதிவண்டிகள். அவற்றின் அளவுகளையே எடுத்துச் சட்டமாக்கினார்கள். மொஷேயின் வண்டியில் மிதியச்சு இருக்கையைவிட உயரத்தில் இருந்ததால் முதல் விதியிலேயே அது வெளியேறியது. ரிஷாரின் 44.777 உலக சாதனை ஆயிற்று. ஃபோரின் 45.055, மனித ஆற்றலில் இயங்கும் வேறு வாகனங்கள் என்ற தனிப் பட்டியலுக்குப் போயிற்று. அதே ஆண்டில் மொஷே காலமானார்.

தீர்ப்பின் நியாயம்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சாய்வு மிதிவண்டியின் அன்பர்கள். எனவே இது பழமைவாதிகள் புதுமையைக் கழுத்தை நெரித்த கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

எக்கையும் ஃபோரையும் ஒரே பட்டியலில் வைத்தால் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது? மனிதனையா, வண்டியையா? ஓட்டப் பந்தயக்காரருக்குச் சக்கரக் காலணி கொடுத்துவிட்டு நேரத்தை ஒப்பிட முடியாது. முதல் வரிசையில் இல்லாத ஒருவர் வண்டி மாறியதாலேயே உலகின் தலைசிறந்த வீரர்களைத் தாண்டினார் என்றால், அதுவே வண்டியின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சான்று. சங்கத்தின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தாலியின் ஜுஸெப்பே ஓல்மோ 1935 அக்டோபரில் வழக்கமான மிதிவண்டியிலேயே 45.090 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். மேலுறை இல்லாத வெலோகார் அளித்த முன்னிலை, ஒரு பெரிய வீரரால் இரண்டே ஆண்டுகளில் ஈடுசெய்யப்படக் கூடியதாகத்தான் இருந்தது.

ஆனால் விளையாட்டு விதி விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. சைக்கிள் வரலாற்றில் பந்தயக்களம் எப்போதும் கடைத்தெருவின் ஆசானாக இருந்திருக்கிறது. டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்தபோது சிரித்தவர்கள் பலர். 1889-இல் பெல்ஃபாஸ்ட்டில் வில்லி ஹ்யூம் அந்த டயரில் ஓட்டிப் பந்தயங்களை வென்றார். விரைவில் கெட்டி ரப்பர் டயர் மறைந்து போயிற்று. பல கியர்களுக்கிடையே சங்கிலியை நகர்த்தும் அமைப்பைத் தெக்ராஞ்ஜ் வீரத்துக்கு இழுக்கு என்று கருதினார். டூர் தெ பிரான்ஸில் அது 1937-இல்தான் முழுதாக அனுமதி பெற்றது. அதன்பின் அது வளர்ந்த வேகம் நாம் அறிந்தது. இன்று பள்ளிச் சிறுவரின் சைக்கிளிலும் அது இருக்கிறது. களத்தில் வென்ற பொருளுக்குத் தொழிற்சாலைகள் பணம் போட்டன, பொறியாளர்கள் அதன் குறைகளைக் களைந்தார்கள், விலை குறைந்தது.

சாய்வு மிதிவண்டிக்கு இந்தப் பாதை அடைபட்டது. பந்தயத்தில் ஓட்ட முடியாத வண்டியை எந்த வீரர் ஓட்டுவார்? வீரர் ஓட்டாத வண்டியை எந்தத் தொழிற்சாலை விளம்பரம் செய்யும்? 1934-க்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தனித்தனிப் பட்டறைகளில், ஒருவரையொருவர் அறியாத சிலரின் கைகளில்தான் இந்த வடிவம் உயிர் வாழ்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் பால் ரின்கோவ்ஸ்கி என்பவர் தம் வண்டிகளுக்கான டயர்களைக்கூடத் தாமே செய்துகொண்டு பல பத்தாண்டுகள் தனியாக உழைத்தார். இழப்பு ஒரு சாதனைப் பட்டியலில் நேர்ந்தது அன்று. வடிவமைப்பாளர்களின் நாற்பது ஆண்டு உழைப்பு இந்தத் திசையில் நடக்கவே இல்லை என்பதே இழப்பு.

ஃபோர் பட்டியலுக்கு வெளியேயும் ஓட்டினார். ஜோர்ஜ் மொஷே தந்தையின் வேலையைத் தொடர்ந்து, வெலோகாருக்கு மேலுறை அமைத்தார். 1939 மார்ச் 5 அன்று பாரிஸின் வான்சென் வளையத்தில் அதை ஓட்டிய ஃபோர், ஒரு மணி நேரத்தில் 50.537 கிலோமீட்டர் சென்றார். முன்னே காற்று மறைக்கும் வண்டி இன்றி ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். சில மாதங்களில் மீண்டும் போர். பெட்ரோல் கிடைக்காத பிரான்ஸில் நான்கு சக்கர வெலோகாருக்குத் தேவை பெருகியது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் தேவை மறைந்தது. மொஷே நிறுவனம் சிறிய மோட்டார் கார்களுக்குத் திரும்பியது.

தாழ்ந்த வண்டியின் சிக்கல்கள்

பந்தயத் தடை இல்லாவிட்டால் இன்று எல்லோரும் சாய்ந்தபடி மிதித்துக்கொண்டிருப்போமா? ஐயமே. இந்த வடிவத்துக்கென்று உள்ள சிக்கல்கள் உண்மையானவை.

உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிறுத்தி விளையாடிய எவருக்கும் தெரியும், நீண்ட கட்டையைவிடக் குட்டைப் பென்சிலை நிறுத்துவது கடினம். நீண்டது மெல்லச் சாயும். திருத்த நேரம் தரும். குட்டையானது சட்டென்று விழும். தாழ்ந்த மிதிவண்டியும் அப்படித்தான். தரையை நெருங்கியிருப்பதால் நிலைத்து நிற்கும் என்று தோன்றும். மெதுவாகப் போகும்போது உண்மை நேர்மாறாக இருக்கிறது. அது விரைவாகச் சாய்கிறது. ஓட்டுபவர் தம் உடலை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரிசெய்யவும் முடியாது. நிமிர்ந்த வண்டியில் பழகியவர் இதில் முதல் நாள் தடுமாறுவது இயல்பு.

மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று உடல் எடையால் மிதிக்க வழியில்லை. சாய்மானத்தை முதுகால் உந்தி மிதிக்கலாம். அதற்குத் தசைகள் பழக வேண்டும். மேட்டில் வேகம் குறைவதால் காற்றின் நன்மையும் போய்விடுகிறது. வண்டியின் கூடுதல் எடை மட்டும் மிஞ்சுகிறது. சங்கிலி வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம்; அதைச் சக்கரத்திலும் சட்டகத்திலும் உரசாமல் கொண்டு செல்லத் தனி உருளைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், லாரிகளும் பேருந்துகளும் ஓடும் சாலையில் இடுப்பளவு உயரம்கூட இல்லாத வண்டி மற்றவர்களின் கண்ணில் படுவது கடினம். கம்பில் கொடி கட்டிக்கொண்டு ஓட்டுவது இதற்காகத்தான்.

வடிவமைப்பாளர்கள் இவற்றுக்கு ஆளுக்கொரு விடை தேடினார்கள். இருக்கையை உயர்த்தி, இரு சக்கரங்களுக்கும் இடைவெளியைக் கூட்டியவர்கள் நிதானத்தைப் பெற்று வேகத்தில் சிறிது இழந்தார்கள். மிதியச்சை முன்சக்கரத்துக்கும் முன்னே தள்ளியவர்கள் வண்டியைக் குறுக்கினார்கள். சிலவற்றில் திரும்பும்போது குதிகால் சக்கரத்தில் இடித்தது. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சக்கரம் வைத்தவர்கள் சாயும் பிரச்சினையையே ஒழித்தார்கள். எடையையும் அகலத்தையும் விலையாகக் கொடுத்தார்கள். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான மிதிவண்டியும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களின் வழியாகவே தன் வடிவத்தை அடைந்தது. அதற்கு நூறாண்டுக்கும் மேலான பந்தயங்களும் சந்தையும் துணையிருந்தன.

வெளியே ஒரு களம்

மறுமலர்ச்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்ஸன் 1967-இல், மனித ஆற்றலில் இயங்கும் புதிய வாகனங்களுக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்றை நடத்த ஏற்பாடு செய்தார். அவருக்கு வேகத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம். நிமிர்ந்த மிதிவண்டியில் திடீரென்று நின்றால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுகிறார். சாய்வு வண்டியில் கால்களே முன்னே செல்கின்றன. அவர் பங்கேற்று உருவாக்கிய 'அவதார் 2000' என்ற சாய்வு மிதிவண்டி 1980 வாக்கில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு நாம் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

கலிஃபோர்னியாவில் பேராசிரியர் செஸ்டர் கைல் காற்றின் தடையை அளக்கும் ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தார். 1975-இல் அவரும் நண்பர்களும் ஒரு பந்தயம் நடத்தினார்கள். மனிதனின் வலுவைத் தவிர வேறு எதுவும் வண்டியை இயக்கக் கூடாது. மற்றபடி எந்த வடிவமும் செல்லும். 1976-இல் இதற்கெனச் சர்வதேச அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. சைக்கிள் சங்கத்தோடு வாதாடாமல், அதன் விதிப்புத்தகத்துக்கு வெளியே தங்களுக்கென்று ஒரு களத்தை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். மணிக்கு 65 மைல் வேகத்தை முதலில் தாண்டுபவருக்கு டூபாண்ட் நிறுவனம் பரிசு அறிவித்திருந்தது. 1986 மே மாதம் கார்ட்னர் மார்ட்டின் வடிவமைத்த 'கோல்ட் ரஷ்' வண்டியில் ஃப்ரெட் மார்க்கம் அதை வென்றார். நெவாடாவின் பேட்டில் மவுண்டன் அருகே உள்ள நெடிய சமதளச் சாலையில் 2009-இல் ஸாம் விட்டிங்ஹம் மணிக்கு 133 கிலோமீட்டரைத் தொட்டார். அதே சாலையில் 2016-இல் டாட் ரைக்கர்ட் எட்டிய வேகம் மணிக்கு 144.17 கிலோமீட்டர். அவருடைய வண்டியில் கண்ணாடிச் சன்னல்கூட இல்லை. உள்ளே சாய்ந்து கிடப்பவர் கேமரா காட்டும் திரையைப் பார்த்தே ஓட்டினார். மோட்டார் இல்லை, இறக்கச் சாலை என்று சொல்லும்படியான சரிவும் இல்லை. இரண்டு மனிதக் கால்கள் மட்டுமே.

வரையறை தன்னையே துரத்தியது

மறுபுறம், சங்கத்தின் விதிப்புத்தகத்துக்கும் நிம்மதி கிட்டவில்லை. 1972-இல் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-இல் ஃபிரான்செஸ்கோ மோஸர் தட்டுச் சக்கரங்களோடு 51.151 ஓட்டினார். 1939-இல் ஃபோர் ஓட்டிய தூரத்தைச் சங்கத்தின் பட்டியல் அப்போதுதான், நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான், எட்டியது. 1993-இல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ, சலவை இயந்திரத்தின் உருளைதாங்கிகளைக் கொண்டு தாமே செய்த வண்டியில், கைகளை மார்போடு மடக்கிக் குனிந்து 51.596 ஓட்டினார். அந்த நிலை தடை செய்யப்பட்டது. கைகளை முன்னே நீட்டும் வேறொரு நிலையை அவர் கண்டுபிடித்தார். 1996-இல் அதே நிலையில் கிறிஸ் போர்ட்மேன் 56.375 ஓட்டினார். அந்த நிலையும் பின்னர் தடை செய்யப்பட்டது. 1934-இல் நடந்ததே இவர்களுக்கும் நடந்தது. இவர்களும் உடலின் கிடப்பைத்தான் மாற்றியிருந்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் சங்கம், மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற வண்டியில் ஓட்டினால் மட்டுமே உலக சாதனை என்று அறிவித்து, இடைப்பட்ட ஆண்டுகளின் எண்களையெல்லாம் வேறொரு பட்டியலுக்கு மாற்றியது. அதன் விளைவு விசித்திரமானது. 2005-இல் ஒன்ட்ரேய் ஸோஸென்கா ஓட்டிய 49.700 கிலோமீட்டர் 2014 வரை அதிகாரபூர்வமான உலக சாதனையாக இருந்தது. 1939-இல் மேலுறை போர்த்திய வண்டியில் ஓர் இரண்டாம் வரிசை வீரர் சென்ற தூரத்தைவிட அது குறைவு. 2014-இல் விதி மறுபடியும் தளர்த்தப்பட்டது. 2022-இல் ஃபிலிப்போ கானா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். மனிதனை மட்டும் அளக்க விரும்பிய விதி, ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த வண்டி இயல்பானது என்று புதிதாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவில் அளவைவிடப் பழக்கத்துக்கே பங்கு அதிகம்.

சாய்வு மிதிவண்டி இன்று அழிந்துவிடவில்லை. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் மேலுறை போர்த்திய மூன்று சக்கர வண்டிகளில் மழையிலும் குளிரிலும் நனையாமல் வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். மொஷேயின் குடும்ப வண்டிக்கு அவை தூரத்து உறவு. ஆனாலும் அவை விலை உயர்ந்தவை. சிறு பட்டறைகளில் சிறு எண்ணிக்கையில் செய்யப்படுபவை. அதைப் பார்த்துத் தெருவில் நின்று திரும்பிப் பார்ப்பவர்கள் இன்னும் உண்டு.

1934-இன் விதி பந்தய வளையத்துக்கு மட்டுமே உரியது. சாய்ந்தபடி மிதித்துச் சந்தைக்குப் போகக் கூடாது என்று அது யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அதற்கு அதிகாரமும் இருக்கவில்லை. தடுக்கப்படாத அந்தக் கோடிக்கணக்கானவர்களும் 24 முதல் 30 சென்டிமீட்டர் என்ற அளவுக்கு உட்பட்டே நினைக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் அந்த விதியின் மெய்யான வெற்றி. மிதிவண்டி என்று சொன்னவுடன் மனதில் எழும் உருவம் ஒன்றுதான். அது ஒன்றாக மட்டுமே இருந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.